இரு ஏடுகளில் ஓர் எண்: செட்டிநாட்டுக் கணக்குப் பயிற்சியும் குறை எண்களும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினர் தமக்குரிய ஒன்பது நகரக் கோயில்களுள் முதலாவதாகக் கொள்ளும் கோயில் இளையாத்தங்குடியில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்த தம் முன்னோருக்குப் பாண்டிய மன்னன் வழங்கிய ஊர் இதுவென்றும், மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஏனைய கோயில்களைச் சார்ந்த பிரிவுகள் இங்கிருந்தே கிளைத்தன என்றும் அவர்களுடைய மரபு வரலாறு கூறுகிறது. கைலாசநாதரும் நித்தியகல்யாணி அம்மனும் எழுந்தருளியுள்ள இக்கோயிலைச் சேர்ந்தவர்கள் ஏழு உட்பிரிவினராக அமைகின்றனர். திருமணமான ஓர் இணை கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’யாகப் பதிவாகும், கோயிலுக்குரிய வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றே வகுக்கப்படும். குடும்பமே எண்ணிக்கையின் அலகாக நின்ற இத்தகைய சமூகத்தில், கணக்குப் பயிற்சி பிள்ளை வளர்ப்பின் பகுதியாக இருந்தது இயல்பே.

அப்பயிற்சியின் ஒரு கூறு இன்றைய தொடக்கப் பள்ளிக் கணிதத்திற்கு நேரடியாகப் பயன்படக்கூடியதாக இருந்தும் போதிய கவனம் பெறவில்லை. பூச்சியத்தைவிடச் சிறியதான எண்ணைக் குறை எண் என்றும், பெரியதான எண்ணை மிகை எண் என்றும் இன்றைய பாடநூல்கள் அழைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில்தான் ‘முழுக்கள்’ என்ற தலைப்பில் குறை எண்கள் முறையாக அறிமுகமாகின்றன. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில், சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க இயலாது என்றே குழந்தை பழகிவிடுகிறது. ஆனால் செட்டிநாட்டுச் சிறுவர்கள் ஏறத்தாழ அதே வயதில், குறை எண்ணுக்கு ஒரு குறியைக்கூடக் கற்காமல், அதன் பொருளை முழுமையாகக் கையாளப் பழகினார்கள். இது எவ்வாறு இயன்றது என்பதை விளங்கிக்கொள்ள, அவர்கள் கற்ற எண்களையும் எழுதிய ஏடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் எண்ணறிவு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஆசிரியரையும் சில மாணவர்களையும் கொண்ட இவ்வகைப் பள்ளிகளே. மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் பின்னர் ஓலையில் எழுதினான். சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் முன்சொல்ல, மற்றவர்கள் கூடிச் சொல்லி மனனம் செய்தார்கள். அங்கே பயிலப்பட்ட முதன்மையான நூல் எண்சுவடி. முழு எண்களோடு, முந்திரி எனப்படும் 1/320, காணி எனப்படும் 1/80, மா எனப்படும் 1/20, வீசம் எனப்படும் 1/16 ஆகிய பின்னங்களுக்கும் அதில் வாய்பாடுகள் உண்டு. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும், நெல்லிலக்கம் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்ற முகத்தல் அளவைகளையும் கற்பித்தன. கணக்குகளை எழுதாமல் மனத்திலேயே செய்து விடை கூறும் மனக்கணக்கும் பயிற்சியில் இடம்பெற்றது.

இந்த எண்களின் உலகில் குறை எண்ணுக்கு இடமில்லை. அது மட்டுமன்று, பூச்சியத்திற்கே தனிக்குறி இல்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகளைக் கொண்ட பழந்தமிழ் எண்முறை, இடமதிப்பைக் காட்டப் பூச்சியத்தை வேண்டாமலே இயங்கியது. எண்கள் முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி வரை, அதாவது 1/1,02,400 வரை நுணுகிச் சென்றன. ஆனால் எவ்வளவு நுணுகினாலும் அவை இருப்பதன் அளவாகவே நின்றன, இல்லாததன் அளவாக மாறவில்லை. ஆகவே பூச்சியத்தை நடுவில் வைத்து இடப்புறம் குறை எண்களையும் வலப்புறம் மிகை எண்களையும் குறிக்கும் எண்கோடு, அச்சிறுவர்கள் கற்ற எழுத்துமுறைக்குள் தோன்றியிருக்க வழியில்லை. குறை எண்ணின் பணியை வேறொன்று ஏற்றுக்கொண்டது, அதுதான் ஏடு.

நகரத்தார் தொழிலில் அன்றாட நடவடிக்கைகள் முதலில் குறிப்பு எனப்படும் நாளேட்டில் பதிவாகி, பின்னர் ஒவ்வொருவர் பெயருக்கும் உரிய பக்கத்தைக் கொண்ட பேரேட்டுக்கு மாற்றப்பட்டன. வட்டிக் கணக்கு வட்டிச் சிட்டையில் தனியாக எழுதப்பட்டது. குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை பேரேட்டின் பக்கங்கள் அனைத்தும் திரட்டப்பட்டு ஐந்தொகை எடுக்கப்பட்டது. கொடுக்க வேண்டியவையும் வர வேண்டியவையும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று காட்டும் பட்டியலே ஐந்தொகை. ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருந்த கடையின் ஐந்தொகை செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு வந்து சேரும். கடல் கடந்த தொழிலை அவர் அதைக் கொண்டே அளந்தார். தம் பெயரில் பணம் போட்டு வைத்திருந்த ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் மகளிரின் கணக்கும், மகமை என்ற பெயரில் கோயிலுக்கும் அறத்திற்கும் ஒதுக்கப்பட்ட தொகையும் இதே ஏடுகளில் இடம்பெற்றன.

பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வகைத் தொகைகள் மட்டுமே எழுதப்பட்டன. அந்தப் பெயருக்குரியவரிடமிருந்து கடைக்கு வந்தது வரவு. கடையிலிருந்து அவர் பெற்றுச் சென்றது பற்று. இரண்டும் இயல்பான மிகை எண்களே, அவற்றின் முன் எக்குறியும் இல்லை. ஒருவர் ரூ.500 போட்டு ரூ.300 எடுத்திருந்தால் அவர் பக்கத்தில் வரவு ரூ.200 நிற்கும், ரூ.300 போட்டு ரூ.500 எடுத்திருந்தால் பற்று ரூ.200 நிற்கும். இரண்டாவது கணக்கைச் செய்யும் சிறுவன், முந்நூற்றிலிருந்து ஐந்நூற்றைக் கழிக்க இயலாது என்று திகைத்து நிற்பதில்லை. அவன் கழிப்பது எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைத்தான். விடை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லியாக வேண்டும். இன்றைய பாடத்தில் குழந்தைகள் மிகவும் தடுமாறும் இடம் இதுவே என்பதால், பழைய முறை இவ்விடத்தில் எவ்வளவு எளிதாகக் கடந்து சென்றது என்பது கருதத்தக்கது.

இதைவிட ஆழமான பாடம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. கடையின் பேரேட்டில் ஒருவர் பெயரில் வரவாக நிற்கும் ரூ.200, அவர் தம் வீட்டில் வைத்திருக்கும் ஏட்டில் கடையின் பெயரில் பற்றாக நிற்கும். தொகை ஒன்றே, ஏடு மாறினால் அதன் திசை மாறும். மறுபடியும் கடையின் ஏட்டுக்குத் திரும்பினால் பழைய திசை வந்துவிடும். குறை எண்ணின் குறை எண் மிகை எண்ணாகும் என்று இன்று விதியாக மனனம் செய்விக்கப்படும் உண்மை, இங்கே இரண்டு ஏடுகளைத் திருப்பிப் பார்ப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. மேலும், வரவு என்பதால் அது நன்மை என்றோ பற்று என்பதால் தீமை என்றோ சிறுவன் எண்ணிவிட முடியாது. வாடிக்கையாளர் பெயரில் நிற்கும் வரவு கடை திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு, பற்றோ கடைக்கு வர வேண்டிய சொத்து. மிகை, குறை என்பவை உயர்வு தாழ்வைக் காட்டும் அடைமொழிகள் அல்ல, ஒரு நிலையிலிருந்து பார்க்கும்போது தெரியும் எதிரெதிர்த் திசைகள் என்ற தெளிவை இப்பயிற்சி மிக இளமையிலேயே தந்தது. இலாபத்தையும் நட்டத்தையும் மட்டும் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் பாடங்களால் இத்தெளிவைத் தர முடிவதில்லை.

இது வெறும் கணக்கெழுதும் வசதி அன்று என்பதை நவீன கணிதமும் உறுதி செய்கிறது. இயல் எண்களை மட்டும் கொண்டு முழுக்களை உருவாக்கும்போது, கணிதவியலாளர்கள் இரண்டு எண்களைக் கொண்ட வரிசைச் சோடியை எடுத்துக்கொள்கிறார்கள். (500, 300), (700, 500), (200, 0) ஆகிய மூன்று சோடிகளும் ஒரே முழுவைக் குறிப்பதாகவும், இடம் மாற்றிய (300, 500) அதன் எதிர் முழுவைக் குறிப்பதாகவும் வரையறுத்துவிட்டால், கழித்தல் குறியின் துணையின்றியே குறை எண்கள் பிறந்துவிடுகின்றன. டேவிட் எல்லர்மன் என்ற அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரையில், இரட்டைப் பதிவுக் கணக்குமுறையின் உள்ளே இருப்பது இந்த அமைப்பே என்று விளக்கி, 1494இல் அம்முறையை அச்சு நூலில் விரித்துரைத்த இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலியின் பெயரால் அதைப் பச்சோலி குலம் என்று அழைத்தார். நகரத்தார் ஏடுகளின் வரவும் பற்றும் அதே சோடிதான். ஏடெழுதியவர்கள் அதைக் கணிதக் கோட்பாடாக வகுத்துச் சொல்லவில்லை. ஆனால் பல தலைமுறைகளாகத் தம் பிள்ளைகளின் கையில் அதைப் பழக்கமாக்கிக் கொடுத்தார்கள்.

கோட்பாடாக வகுத்துச் சொன்னவரும் இந்தியாவில் இருந்தார். 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர், செல்வத்தைக் குறிக்கும் தனம், கடனைக் குறிக்கும் ருணம் என்ற சொற்களால் இருவகை எண்களையும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகளைத் தந்தார். சம அளவான தனமும் ருணமும் கூடினால் பூச்சியம் என்பதும், இரண்டு ருணங்களின் பெருக்கம் தனம் என்பதும் அவற்றுள் அடங்கும். அதற்கும் முன்பே, 263இல் சீன அறிஞர் லியூ ஹுய் தம் உரையில், மிகைக்குச் சிவப்பு எண்கோல்களும் குறைக்குக் கறுப்பு எண்கோல்களும் பயன்பட்டதைக் குறிப்பிட்டார். ஐரோப்பாவிலோ 18ஆம் நூற்றாண்டு வரையிலும் ஐயம் தீரவில்லை. 1758இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் மசேர்ஸ், இயற்கணிதத்தில் குறை எண்களின் பயன்பாட்டையே கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். பெரும் அறிஞர்களையே இவ்வளவு காலம் அலைக்கழித்த ஒரு கருத்தைப் பத்து வயதுக் குழந்தை உடனே பற்றிக்கொள்ளவில்லையே என்று ஆசிரியர்கள் வருந்துவது பொருத்தமன்று. குழந்தையின் தடுமாற்றம் வரலாற்றின் தடுமாற்றமே.

செட்டிநாட்டுச் சிறுவனின் தொழிற்பயிற்சி திண்ணைப் பள்ளியோடு முடிந்துவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதையொட்டி அவன் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். பணப்பெட்டியும் அதன்மேல் சாய்ந்த எழுதுபலகையும் வைத்து மேலாள் அமரும் இடமே பெட்டியடி. அதன் அருகில் அமர்ந்து ஏவல் செய்தும், குறிப்பைப் பார்த்துப் பேரேட்டுக்குத் தொகைகளை மாற்றியும், வட்டி கணித்தும் அவன் தொழில் கற்றான். வெளிநாட்டில் பல கடைகள் ஒரே கூடத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்துத் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் இப்பயிற்சி இன்னும் செறிவாக நடந்தது. கொண்டுவிற்கப் போதல் என்று நகரத்தார் வழங்கிய இந்த வெளிநாட்டுப் பயணம் ஊழியருக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை கொண்டது. புறப்படும்போதே சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாக வழங்கப்பட்டதால், ஊழியரின் பக்கம் பற்றோடுதான் தொடங்கியது. தவணை நகர நகர அவர் உழைப்பு வரவாகச் சேர்ந்து, பற்று தேய்ந்து, ஒரு நாள் கணக்கு நேராகி, பின் வரவு நிற்கத் தொடங்கும். பூச்சியத்தைக் கடந்து செல்லும் இயக்கத்திற்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டைப் பாடநூலில் காண்பது அரிது.

வட்டிக் கணக்கோ இன்னும் நுண்ணியது. நடப்பு வட்டி என்பது கேட்டபோது திருப்பித் தரவேண்டிய பணத்திற்குரிய வீதம். தவணை வட்டி என்பது குறித்த காலத்திற்கு வைக்கப்பட்ட பணத்திற்குரிய வீதம். ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஒரே பக்கத்தில் வரவும் பற்றும் மாறி மாறி வரும்போது, ஒவ்வொரு தொகைக்கும் அது நின்ற காலத்திற்கேற்ப வட்டி கண்டு, வரவின் வட்டியை வரவோடும் பற்றின் வட்டியைப் பற்றோடும் சேர்த்துக் கழித்து நேர் செய்ய வேண்டியிருந்தது. இது குறியுள்ள எண்களின் பெருக்கலும் கூட்டலும் கலந்த கணக்கு; இன்று எட்டாம் வகுப்பு மாணவர்கூடத் தாளும் நேரமும் கேட்கும் கணக்கு.

பெருக்கல் என்னும் இடத்தில் கடன் எடுத்துக்காட்டு தோற்றுவிடும் என்ற எதிர்ப்பு பழமையானது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால், 1830களில் எழுதிய தன்வரலாற்று நூலில், பத்தாயிரம் பிராங்கு கடனை ஐந்நூறு பிராங்கு கடனால் பெருக்கினால் ஒருவர் எப்படி ஐம்பது இலட்சம் பிராங்குச் செல்வராக முடியும் என்று தாம் மாணவராக இருந்தபோது கேட்டதையும், எவரும் நிறைவான விடை தராததையும் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கேள்வி நேர்மையானது. கோளாறு பெருக்கிய பொருளில் இருந்தது. பணத்தைப் பணத்தால் பெருக்குவதற்குப் பொருளில்லை, பணத்தைக் காலத்தால் பெருக்குவதற்கே பொருளுண்டு. வட்டிச் சிட்டை செய்தது அதைத்தான். மாதம் ரூ.2 வட்டி ஏறும் கடனாளியின் நிலை ஒவ்வொரு மாதமும் இரண்டு குறைகிறது. மூன்று மாதம் கழித்து அவர் இன்றைய நிலையைவிட ஆறு கீழே இருப்பார். மூன்று மாதத்திற்கு முன்பு அவர் எங்கே இருந்தார் என்று ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், இன்றைய நிலையைவிட ஆறு மேலே இருந்தது தெரியும். குறை மூன்றையும் குறை இரண்டையும் பெருக்கினால் மிகை ஆறு வருவதன் பொருள் இவ்வளவே.

இந்த ஏடுகளின் வரலாற்றில் துயரமான ஒரு பகுதியும் உண்டு. 1929-30இல் பர்மாவில் அமைக்கப்பட்ட வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 நகரத்தார் கடைகளும் ஏறத்தாழ ரூ.75 கோடி முதலும் இயங்கியதாக மதிப்பிட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்ததும் உழவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. பற்றுக்கு ஈடாக நிலமே வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938க்குள் 25 விழுக்காடாக உயர்ந்தது. உழவர்களுக்கு அது வாழ்வாதார இழப்பு. நகரத்தாருக்கும் அது அவர்கள் நாடியதன்று, பணம் நிலத்தில் முடங்கிய நிலை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இல் பர்மிய நிலத் தேசியமயச் சட்டமும் அந்தக் கணக்குகளைத் தீர்வின்றி நிறுத்தின. செட்டிநாட்டு ஏடுகளில் வர வேண்டியதாக எழுதப்பட்ட தொகைகளை ஒப்புக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஏடு இல்லாமற்போயிற்று. இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்ளும் வரையில்தான் வரவுக்கும் பற்றுக்கும் உயிர் என்பதை அந்தத் தலைமுறை பெருவிலை கொடுத்து அறிந்தது.

இதற்கிடையே பள்ளிகளும் மாறிவிட்டன. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து அரசு முறைப்படி அமைந்த பள்ளிகள் பெருகின. எண்சுவடியும் தமிழ் எண்குறிகளும் வகுப்பறையை விட்டு நீங்கின. 1957இல் தசம நாணயம் வந்ததும் பழைய பின்னங்களின் அன்றாடத் தேவையும் குறைந்தது. புதிய பாடங்களில் குறை எண்ணை விளக்க உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையும், கடல்மட்டத்திற்குக் கீழான ஆழமும், மின்தூக்கியின் நிலத்தடித் தளங்களும் எடுத்துக்காட்டுகளாயின. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2024இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணித நூலும் பல தளக் கட்டடம் ஒன்றையே தொடக்கமாகக் கொண்டுள்ளது. வரவு பற்றையும் பிரம்மகுப்தரையும் அந்நூல் நினைவூட்டுவது பாராட்டத்தக்கது. எனினும் கோடையில் கொதிக்கும் சிவகங்கைச் சீமையின் குழந்தைக்கு உறைநிலைக்குக் கீழான வெப்பம் என்பது கேட்டறியும் செய்தியே. கடைக்காரர் குறிப்பேட்டில் தன் வீட்டின் பெயரில் எழுதப்படும் பாக்கியோ அது நாள்தோறும் காணும் பொருள்.

ஆகவே இளையாத்தங்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தொடக்கப் பள்ளிகள், நான்காம் ஐந்தாம் வகுப்பிலேயே இந்தப் பழைய முறையைத் தயக்கமின்றி எடுத்தாளலாம். இரண்டு குழந்தைகளிடம் ஆளுக்கொரு குறிப்பேட்டைக் கொடுத்து, புளியங்கொட்டைகளைக் கொடுக்கவும் வாங்கவும் செய்து, ஒவ்வொருவரும் மற்றவர் பெயரில் வரவும் பற்றும் எழுதுமாறு செய்யலாம். நாள் முடிவில் இருவரும் தத்தம் ஏட்டை நேர் செய்து அருகருகே வைத்தால், ஒன்றில் வரவு ஏழு நிற்கும்போது மற்றொன்றில் பற்று ஏழு நிற்பதை அவர்களே காண்பார்கள். நிற்காவிட்டால் எங்கே பிழை நேர்ந்தது என்று அவர்களே தேடுவார்கள், அத்தேடலே பாதிப் பாடம். இருவருக்கும் கணக்கு நேரான நாளில் பூச்சியத்தை அதன் இடத்தில் எழுதிக் காட்டலாம். கழித்தல் குறியையும் எண்கோட்டையும் இவை கைவந்த பிறகு அறிமுகப்படுத்தினால், ஆறாம் வகுப்பு ஆசிரியர் முற்றிலும் புதியதொரு பொருளைக் கற்பிக்க வேண்டியிராது. குழந்தைகள் முன்பே எழுதிப் பழகிய பற்றுக்கு ஒரு குறியை மட்டும் அவர் தந்தால் போதும்.